வண்டியில் இளகிய கலவை

சிமெண்ட் பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு ஊரே காத்திருந்த காலம் அது. நீடாமங்கலம் பக்கம் யூனியன் ஆபீசில் எனக்கு ஓவர்சியர் வேலை. கிளை வாய்க்கால் ஒன்றில் மதகு இடிந்து கிடந்தது. மேட்டூர் தண்ணீர் வருவதற்குள் அதைக் கட்டியாக வேண்டும். சிமெண்ட் வருகிற வழியைக் காணோம். உமிச்சாம்பலையும் சுண்ணாம்பையும் சேர்த்தால் சிமெண்டே இல்லாமல் கான்கிரீட் போடலாம் என்று படிக்கும்போது கேட்டிருந்தேன். அதை எஞ்சினியரிடம் சொன்னேன்.

"செஞ்சு பாருய்யா. இடிஞ்சா உன் தலையிலதான்" என்றார்.

கிளிஞ்சல் சுண்ணாம்பு வேதாரண்யம் பக்கமிருந்து வந்து இறங்கியது. சாம்பல், ஊர் மிராசுதாரின் ரைஸ் மில்லுக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருந்தது. ஆனால் அவருக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் கூலித் தகராறு. அவரிடம் யாரும் எந்த வேலைக்கும் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். ஊர் முனையில் போலீஸ் கூடாரம் வேறு. மதகு வேலைக்கு எனக்கு ஆள் அனுப்ப வேண்டியதும் அதே சங்கம்தான். அதன் தலைவி முப்பது வயதுப் பெண். அவள் குத்தகை நிலத்துக்கும் அந்த மதகுத் தண்ணீர்தான் பாய வேண்டும்.

"மதகுன்னா வர்றோம் சார். அவரு வேலைன்னா வரமாட்டோம்" என்றாள்.

மிராசுதாரோ, "சாம்பல அள்ளிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. ஆனா நான் குடுத்தேன்னு எங்கயும் பேச்சு வரக்கூடாது" என்றார்.

முதல் சோதனையிலேயே அடி வாங்கினேன். பொடித்த சாம்பல் ஊற்றிய தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டுக் கலவையை விறைக்க வைத்தது. இளக்கம் பார்க்கத் தகரக் கூம்பில் நிரப்பிக் கூம்பைத் தூக்கினால், கலவை சரியவே இல்லை. கொழுக்கட்டை மாதிரி நின்றது. தண்ணீரைக் கூட்டினேன். நன்றாக ஓடியது. பத்து நாள் கழித்து அந்தக் கட்டியை விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது. அதிலிருந்து, அளந்ததற்கு மேல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். விறைத்த கலவையை மதகுச் சுவருக்காக அடைத்திருந்த குறுகலான பலகைகளுக்குள் எப்படி இறக்குவது என்பது மட்டும் எனக்கே தெரியவில்லை.

வாய்க்கால் வறண்டு கிடந்ததால், தண்ணீர்க் குழாய் இருந்த மில் களத்தில் கலந்து வண்டியில் கொண்டுபோவதாக ஏற்பாடு. வண்டி மிராசுதாருடையது. கலப்பது மதகு வேலைதான் என்று ஒப்புக்கொண்ட சங்கத்தார், அவர் வண்டியை ஓட்ட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தன் நிலத்துக்கும் அந்த மதகுத் தண்ணீர்தான் என்பதால் அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பள்ளமும் மேடுமான அந்தப் பாதையில் மாடுகள் அவர் பேச்சைக் கேட்கவே இல்லை. அரை மைல் தூரத்துக்கு வண்டி குதித்துக் குதித்து வந்து சேர்ந்தது.

பின்பலகையைத் திறந்தால், கலவை கெட்டித் தயிர் போலத் தளதளவென்று மட்டமாகப் பரவிக் கிடந்தது.

"சார், வழியில தண்ணிய ஊத்திட்டாரு!" என்றாள் தலைவி.

"நான் எங்கேருந்து ஊத்துறது? ஆறே காஞ்சு கெடக்கு, கேளுங்க இவங்கள!" என்றார் அவர், என்னைப் பார்த்து. இருவரும் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டு என் வழியாகவே சண்டை போட்டார்கள். எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். கலவையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்று போனேன். விரல் இறங்கவில்லை. கால் மணி நேரச் சண்டைக்குள் அது பழையபடி விறைத்துப் போயிருந்தது.

குழப்பத்தில் வண்டிச் சக்கரத்தை ஓர் உதை விட்டேன். கலவை லேசாக நெளிந்தது. தலைவி மண்வெட்டிக் காம்பால் வண்டிப் பலகையைத் தட்டத் தொடங்கினாள். தட்டத் தட்ட மேல்பரப்பு மினுங்கி இளகியது. நிறுத்தினாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோருக்கும் சிரிப்பு. அந்தச் சாம்பல் துகள்கள் சும்மா இருக்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன, உலுக்கினால் விட்டுவிடுகின்றன என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீரே தேவையில்லை, தட்டினால் போதும்.

கலவையை வாரிப் பலகைகளுக்குள் போட்டோம். பெண்களும் ஆண்களும் இரண்டு பக்கமும் நின்று கட்டையால் தட்டினார்கள். மூலை முடுக்கெல்லாம் தானாக இறங்கி நிரம்பியது. மிராசுதார் சும்மா நிற்க முடியாமல் ஒரு கட்டையை எடுத்துக்கொண்டார்.

"அங்க இல்ல, கீழ தட்டுங்க" என்றாள் தலைவி.

"கீழதாம்மா தட்டுறேன்" என்றார். அந்த மாதங்களில் அவர்கள் நேருக்கு நேர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெதுவாக இறுகுகிற கலவை என்பதால் நாற்பது நாள் ஈரச் சாக்குப் போர்த்தி வைத்தோம். பலகையைப் பிரித்தபோது சுவரில் ஒரு பொத்தல் இல்லை. எஞ்சினியர் சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் யாரும் பாராட்டு வாங்கியதில்லை. ஆனி மாதம் தண்ணீர் வந்தது, மதகு நின்றது. கூலித் தகராறு தாலுகா ஆபீசில் மூன்று சுற்றுப் பேசித் தனியாகத் தீர்ந்தது. அதில் மதகுக்குப் பங்கு எதுவும் கிடையாது.

அடுத்த வருஷம் இன்னும் இரண்டு மதகு கட்டச் சொன்னார்கள். அதற்குள் சிமெண்ட் பெர்மிட் வந்துவிட்டது. மூட்டைகள் லாரியில் வந்து இறங்கியதைப் பார்த்து ஊரே மகிழ்ந்தது. எனக்கு மட்டும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.