கூட்டாமல் கிடந்த அறை

உச்சி வெயிலில் மெரினா கடற்கரைக்குப் போன ஜோடி அநேகமாக நாங்கள் மட்டும்தான் இருப்போம். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி, ஷூக்களை இரண்டு கைகளிலும் தூக்கிப் பிடித்து, சுடுமணலில் குதித்துக் குதித்து ஓடிய என் கணவரின் உருவம் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னாலேயே நான், புர்காவைச் சேர்த்துப் பிடித்தபடி, "அய்யோ மச்சான், காலு வேவுது" என்று கத்திக்கொண்டு ஓடினேன். சுண்டல் விற்கிறவர்கள்கூட இன்னும் வந்திருக்கவில்லை. ஊர் உலகமெல்லாம் மாலையில் காற்று வாங்கப் போகிற இடத்துக்கு நாங்கள் நடுப்பகலில் போனதற்குக் காரணம், மாலையில் அவருக்குத் துபாய் விமானம்.

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருந்தார்கள். என் கணவர் அங்கே ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வந்தால் வீடு சந்தைக்கடையாகிவிடும். கொண்டுவந்த சோப்பும் செண்டும் யாருக்கு எவ்வளவு என்பதில் பாதி லீவு போகும், விருந்துக்குப் போய்வருவதில் மீதி போகும். அவருடைய அம்மா, என் மாமியின் எதிரே நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்ததுகூட இல்லை. அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று மாமியைக் கேட்டுத்தான் சமைப்பேன். எனக்கும் அவர் ஒரு விருந்தாளி மாதிரிதான் இருந்தார்.

தொண்ணூற்றேழாம் வருடத்து லீவு முடியும்போது அவருக்கு என்ன தோன்றியதோ, "ஒரு தடவையாச்சும் அவ மெட்ராஸப் பாக்கட்டும்மா" என்று தாயாரிடம் கேட்டார். மாமி ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். நான் ஏர்போர்ட் வரைக்கும் போகக்கூடாது. பயணம் போகிறவர் பின்னால் பெண்டாட்டி அழுதுகொண்டு போனால் நல்லதில்லையாம். மண்ணடியில் கடை வைத்திருந்த என் அண்ணன் அவரை வழியனுப்பிவிட்டு வந்து, என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. சின்னவளாக இருந்த மகளை மாமியிடம் விட்டுவிட்டுப் போய், திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் தங்கினோம்.

கடைசி நாள் காலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனோம். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லாகிப்போன சங்குகளை அடுக்கி, அரியலூர்ப் பக்கம் கிடைத்தவை என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அதைப் படித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. "நம்மூரு கல்லப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தோம்? கெளம்பு புள்ள, கடலையே போய்ப் பாத்துருவோம்" என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தாரே தவிர, வெயிலைப் பார்க்கவில்லை.

கடல் கடந்து சம்பாதிக்கிறவர் அதுவரை கடலில் கால் நனைத்ததில்லை. ஊரிலிருந்து வேனில் நேராக ஏர்போர்ட், அங்கே இறங்கினால் நேராகக் கடை. "துபாயிலயும்தான் கடல் இருக்காமே?" என்று கேட்டேன். "இருக்கு, கடைய யாரு பாத்துக்குறது?" என்றார். முதல் அலை வந்ததும் பின்வாங்கி ஓடினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். பட்டப்பகலில் நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை, பார்க்கத்தான் நாலு பேர் இல்லை. முழங்கால் வரை நனைந்துகொண்டு அவர் சத்தம்போட்டுச் சிரித்தார். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவர் என்றே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். சின்ன வயதில் வெள்ளாற்றில் முங்கிப் பிழைத்ததைச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் ஜெயித்ததைச் சொன்னார். துபாயில் தன்னோடு ஒரே அறையில் தங்கியிருப்பவர் குறட்டை விடுவது மாதிரி விட்டுக் காட்டினார். "இதெல்லாம் ஏன் மச்சான் எங்கிட்ட சொன்னதேயில்ல?" என்றேன். "நீ எங்க புள்ள தனியா இருந்த?" என்றார். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கிடைத்த அன்றைக்கே அனுப்பிவைக்க வேண்டியிருந்தது.

அறைக்குத் திரும்பினோம். அவர் அவசர அவசரமாகக் குளித்து, உடை மாற்றி, துஆ ஓதிவிட்டு அண்ணனோடு ஆட்டோவில் ஏறிப் போனார். நான் மாமிக்குக் கொடுத்த வாக்குப்படி அறையிலேயே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் லாட்ஜில் வேலை செய்கிற அம்மா துடைப்பத்தோடு வந்து, "ரூம் பெருக்கணும்மா" என்றார். நான் எழுந்துபோய் வாசலை மறித்து நின்றேன்.

"வேணாம்மா. பயணம் போனவுங்க போய்ச் சேர்ற வரைக்கும் நாங்க வூடு கூட்ட மாட்டோம்."

"இது வூடாம்மா? லாட்ஜு."

"அவங்க கெளம்புன எடம் இதுதானே."

அந்த அம்மா தரையைப் பார்த்தார். கதவிலிருந்து குளியலறை வரை என் கணவர் காலோடு வந்த கடற்கரை மணல் சிந்திக் கிடந்தது. என் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரிம்மா, நாளிக்குப் பெருக்கிக்கிறேன். நீ அழுவாத" என்று சொல்லிப் போனார். அண்ணன் வருகிற வரைக்கும் அந்த மணலை மிதிக்காமல் கட்டில் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

பதினாறு வருடம் கழித்து, போன வருடம்தான் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். மாமி காலமாகிவிட்டார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். நாங்கள் சேர்ந்து உட்காரத் தடை சொல்ல யாருமில்லை. ஆனால் உட்கார்ந்தால் கேஸ் சிலிண்டரையும் அவருடைய சர்க்கரையையும் விட்டால் பேச ஒன்றும் வருவதில்லை. டிவி பார்க்கிறார், பள்ளிவாசலுக்குப் போகிறார், தூங்குகிறார். ஆள் பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அவர் நினைப்பாகவே இருந்தது. படகு நிழலில் உட்கார்ந்திருந்தவர் இன்னும் வந்து சேரவில்லையோ என்று பயந்தேன்.

போன வாரம் பேங்க் வேலையாகப் பெரம்பலூருக்கு பஸ்ஸில் போனார். அவர் போனதும் விளக்குமாற்றை எடுத்தேன். எடுத்தேனே ஒழிய, கூட்ட மனம் வரவில்லை. மூலையிலேயே வைத்துவிட்டேன். மாலை அஸர் தொழுகைக்கு முன்னால் திரும்பி வந்தவர் கூடத்தைப் பார்த்தார்.

"என்ன புள்ள, வூடு கூட்டலயா? ஒடம்பு சரியில்லயா?"

"நீங்க வந்துரட்டும்னுதான்."

"பெரம்பலூருக்குப் போனதுக்கா?" என்று சிரிக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார். "அப்ப துபாய் போனப்பல்லாம்?"

"போய்ச் சேந்துட்டேன்னு போன் வந்தாத்தான் கூட்டுவோம்."

"ஒரு தடவ ஒரு வாரம் கழிச்சுல்ல போன் பண்ணேன்?"

"அந்த ஒரு வாரமும்தான்."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு குனிந்து மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்தார். "குடுங்க மச்சான், நான் கூட்டுறேன்" என்று கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"இருக்கட்டும். வந்துட்டேன்ல" என்று சொல்லிக்கொண்டே, சுவரோரத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தார்.