வெள்ளைச் சீட்டு இருபது

எமர்ஜென்சி நடந்த காலம். மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் மீனவர் சங்கத் தலைவர் தேர்தல் வைத்தார்கள். என் அண்ணன் நங்கூரச் சின்னத்தில் நின்றார். எதிரே குடைச் சின்னத்தில் ஐஸ் வியாபாரம் செய்த முதலாளி. அதிகாரிகளுக்கு வேண்டியவர்.

கட்டுமரங்கள் கரையேறுகிற காலை வேளையில், ஏலக் கொட்டகையில் ஓட்டுப் போட்டோம். மீனைக் கூறு போட்ட கையோடு பெண்கள் வரிசையில் நின்றோம். கை கழுவ யாருக்குப் பொறுமை? பதினோரு ஓட்டில் அண்ணன் ஜெயித்தார். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. செங்கல்பட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோய் மறுபடி எண்ணினார்கள். அதே பதினோரு ஓட்டு.

மூன்றாம் முறை எண்ணப்போவதாகச் சேதி வந்த அன்று காலையில், இரண்டு போலீஸ்காரர்கள் அண்ணனை விசாரணைக்கென்று கூட்டிப் போனார்கள். அண்ணி நிறைமாதம். எங்கள் ஏஜெண்டு, மிசா சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்து அச்சரப்பாக்கத்து மாமியார் வீட்டுக்கு ஓடிவிட்டான். அதனால் நான் ஏஜெண்டாகப் போனேன்.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. ஆனால் கூடையில் விழுகிற மீனைக் கண்ணாலேயே எண்ணுவேன். ஏலத்தில் என்னை ஏமாற்றியவன் இல்லை. என் பெயரை எழுதவும் தெரியும். முதியோர் பள்ளியில் மூன்று மாதம் பாடுபட்டுக் கற்றது. அதற்குப் பிறகு எந்தக் காகிதத்திலும் நான் கைநாட்டு வைத்ததில்லை. யாராவது மையை நீட்டினால், பேனாவைக் கொடு என்பேன்.

செங்கல்பட்டில் ஓட்டு எண்ணுகிற அறையில் ஓர் அதிகாரி, ஒரு குமாஸ்தா, வாசலில் ஒரு போலீஸ்காரர். முதலாளி மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கலர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு நாற்காலி போடவில்லை. ஏஜெண்டு பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்றபடியே பார்த்தேன்.

குமாஸ்தா முதல் கட்டைப் பிரித்தார். எங்கள் சீட்டுகள்தான். நான்காக மடித்த தடம், மீன் எண்ணெய்க் கறை. ஒன்றில் காய்ந்த செதில்கூட ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் போடப்போட நானும் எண்ணினேன். நங்கூரத்துக்குப் பதினொன்று அதிகம். பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து சின்னதாக இன்னொரு கட்டு வந்தது. எல்லாம் வெள்ளை வெளேர், ஒரு மடிப்பு இல்லை, எல்லாம் குடை. சரியாக இருபது.

"ஐயா, இது எங்க ஊரு சீட்டு இல்ல."

"இன்னாமே, சீட்டுல ஊரு பேரு எழுதிக்கீதா?" என்று முதலாளி சிரித்தார்.

"மோந்து பாருய்யா. எங்க பொம்பளைங்க தொட்ட சீட்டு மணக்கும். மடிக்காம எப்டி பொட்டில போட்டாங்க? பொட்டி வாயி அம்மாம் பெருசா?"

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி பார்த்த பார்வையில் அது அப்படியே அடங்கியது. வாசலில் நின்ற போலீஸ்காரர் ஓர் அடி உள்ளே வந்தார்.

"குடை ஒன்பது ஓட்டுல ஜெயிச்சிருக்கு," என்றார் அதிகாரி. குரலை உயர்த்தவே இல்லை. "எண்ணிக்கை சரின்னு கையெழுத்துப் போடும்மா. உங்க அண்ணன் பக்கத்து ஸ்டேஷன்லதான் இருக்கார். போட்டா இப்பவே கூட்டிக்கிட்டுப் போகலாம். போடலைன்னா, எந்த ஜெயிலுக்கு அனுப்புவாங்கன்னு எனக்கே தெரியாது."

பேனாவின் மூடியைக் கழற்றி என் பக்கம் வைத்தார். அந்த நாட்களில் போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்கக்கூட ஆளில்லை. அண்ணியின் வயிறு கண்ணுக்குள் வந்து நின்றது. பேனாவைத் தொட்டேன். பொய்க்குக் கீழே என் பெயரை எழுத விரல் வரவில்லை.

"மை கீதாங்களா?"

"பாரத்துல கையெழுத்துப் போட்டியே?"

"அது அப்போ. இப்போ மறந்துபூட்ச்சி."

அதிகாரி பாரத்திலிருந்த என் கையெழுத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மைப் பெட்டியை நகர்த்தினார். கட்டை விரலை அழுத்தி வைத்தேன்.

அண்ணன் சட்டை கிழிந்து, செருப்பில்லாமல் வெளியே வந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இல்ல."

"பின்ன எப்டி வுட்டானுங்க?"

விரலைக் காட்டினேன். என்னைத் தெரிந்தவர்; ஏன் கைநாட்டு என்று கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கே வந்ததும் தோள் துண்டை நீட்டினார்.

"தொடச்சிக்க."

"வாணாம்ணே. மீன் கழுவசொல்லோ பூடும்."

"ஒம்போது ஓட்டுல தோத்துட்டனாமே?"

"நான் எண்ணிக்கினே இருந்தேன்," என்றேன். "நம்ம சீட்டுல நங்கூரம் பதினொண்ணு ஜாஸ்திதான்."