பஸ்ஸில் நடந்த பார்மசி பிராக்டிகல்

சிதம்பரத்தில் பார்மசி பாடம் நடத்துகிறேன். இன்றைய வகுப்பில் ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் மருந்தாளுநராகவும் நடிக்க வேண்டும்.

காலையில் கடலூரிலிருந்து வரும் பஸ்ஸில் என் முன் சீட்டில் என் மாணவி ஜெனிஃபரும், வகுப்பில் வாயே திறக்காத பிரபுவும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சுகர் மாத்திரை போட்டா தலை சுத்துதுங்க" என்றாள் ஜெனிஃபர்.

பக்கத்து சீட்டு அம்மா பதறிப்போய்த் தன் மாத்திரை அட்டையை நீட்டினார். "இந்த வயசுலயே சுகரா? எனக்குக் கேக்குறது இதாம்மா, ஒண்ணு போட்டுக்க."

பிரபு எழுந்தே விட்டான். "அடுத்தவங்க மாத்திரையப் போடக் கூடாதும்மா! சுகர் ஜாஸ்தி எறங்கிட்டா ஆபத்து."

பிறகு ஆளாளுக்குச் சந்தேகம் கேட்க, சிதம்பரம் வரை பேசிக்கொண்டே வந்தான். அங்கேயே முழு மார்க் போட்டுவிட்டேன்.

இறங்கும்போது அந்த அம்மா ஜெனிஃபரின் கன்னத்தைத் தடவினார். "ஒனக்காக சாமிகிட்ட வேண்டிக்கிறேன் கண்ணு."

நடிப்பென்று சொல்ல எங்கள் மூவருக்கும் தைரியம் வரவில்லை. நீங்கள் சொல்லியிருப்பீர்களா?