பேச்சு வீடு, அளவு வீடு

அக்கா வீடு வீடாகப் போவதால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று அரசாங்கமே ஆராய்ந்து கண்டுபிடித்துவிட்டதாம். மருந்துக்கடைக்காரர், அக்காவின் கணவரான மாமாவிடம் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சொன்னது மருந்துப் பெட்டி இறக்க வந்த வேன் டிரைவர். வேன் டிரைவருக்கு யார் சொன்னார்கள் என்பது மாமாவுக்குத் தெரியவில்லை. "நெருப்பில்லாம புகையுமா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து இறங்கிய நான் இன்னும் பெட்டியைக்கூடத் திறந்திருக்கவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் சட்டென்று நின்றது. அக்காவுக்குப் பாம்புக் காது.

"யாரு, மருந்துக்கடையா? போன வருஷம் இந்தத் தெருவையே இடிக்கப் போறாங்கன்னு சொன்ன ஆளுதானே! இடிச்சாங்களா? போய்ப் பொழப்பைப் பாக்கச் சொல்லுங்க."

ஆனால் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவள், அடுப்பில் டீ பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்தான் ஓடிப்போய் அணைத்தேன்.

அக்கா முன்பு செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். கடையை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தாள். இரத்த அழுத்தம் உள்ளவர்களை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், மாத்திரையை ஒழுங்காகப் போடவைக்க வேண்டும். படிப்பு அதிகமில்லாவிட்டாலும் வாய் இருந்தது. "நின்னுக்கிட்டிருக்கறவன் காலை நீட்ட மாட்டான்டா. முதல்ல உக்கார வைக்கணும். செருப்புன்னாலும் சரி, மாத்திரைன்னாலும் சரி" என்பாள். குடியிருப்பில் அவளுக்குப் பெயர் பிரஷர் அக்கா. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதுமே சிலர் உப்பு டப்பாவை ஒளித்துவைப்பார்களாம்.

இந்த வேலை நிரந்தரத் திட்டமல்ல. வீட்டுக்குப் போய்ப் பேசுவதால் உண்மையிலேயே பலன் உண்டா என்று பார்ப்பதற்கு அரசாங்கப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி. பலன் உண்டென்றால் எல்லா ஊருக்கும் இப்படி ஆட்களைப் போடுவார்கள். இல்லையென்றால் இழுத்து மூடிவிடுவார்கள். அதற்காகக் குடியிருப்பின் பிளாக்குகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் அளந்து, உட்கார்ந்து பேசி, யோசனை சொல்ல வேண்டும். மறு பாதியில் அளவை எடுத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்துவிட வேண்டும். இந்த வேலை பார்க்கும் பெண்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர் பேச்சு வீடு, அளவு வீடு.

அன்று பிற்பகல் எல்லோரையும் ஆராய்ச்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். அக்கா திரும்பி வந்தபோது வாசலிலேயே செருப்போடு நின்றாள். பிறகு உள்ளே வந்து, டம்ளரிலிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு மேசைமேல் ஒரு கோடு இழுத்தாள். சரிந்து இறங்கும் கோடு. பக்கத்திலேயே இன்னொன்று.

"இது பேச்சு வீடு. இது அளவு வீடு. ரெண்டும் கைகோத்துக்கிட்டு இறங்குது பாரு."

"நல்லதுதானேக்கா? ரெண்டு பக்கமும் எல்லாருக்கும் பிரஷர் குறைஞ்சிருக்கு."

"அட மண்டு! பேசாத வீட்டுலயும் அதே அளவு குறைஞ்சா, பேசினதால குறையலைன்னுதானே அர்த்தம்? ஆராய்ச்சியை நடத்தற டாக்டர் மேடம் அப்படித்தான் சொன்னாங்க. பாவம், அவங்களுக்கே முகம் செத்துப்போச்சு. நாளைக்குக் காலையில சுகாதாரத் துறை அலுவலகத்துல போய் இதைச் சொல்லப் போறாங்க. வீட்டுக்குப் போறது வீண்னு."

மாமா செய்தித்தாளை மடித்தார். "அப்போ மருந்துக்கடைக்காரன் சொன்னது..."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

சாப்பாட்டின்போது அவள் பேசவில்லை. அந்த வீட்டில் அது சாதாரண விஷயமில்லை. மாமா குழம்பை இரண்டு முறை பாராட்டிப் பார்த்தார். கடைசியில், பாத்திரம் கழுவும் இடத்தில், என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"நான் பேசிட்டேன்டா."

"எங்க?"

"அளவு வீட்டுல."

பிரஷர் அளக்கும் பட்டையைக் கையில் கட்டும் முன் ஐந்து நிமிடம் ஆளை அமைதியாக உட்காரவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படியேறி வந்த பதற்றம், சமையல் அவசரம் எல்லாம் அளவில் ஏறிவிடும். பேச்சு வீட்டில் அது பெரிய காரியமில்லை, பிறகு பேசிக்கொள்ளலாம். அளவு வீட்டிலோ அந்த ஐந்து நிமிடமும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அளந்துவிட்டு, எழுந்து வர வேண்டும்.

"எதிர்ல ஒரு மனுஷி உக்காந்திருக்கா. மாத்திரை ஜன்னல்ல வெயில்ல காயுது. எப்படிடா பாத்துக்கிட்டிருக்கறது? 'பல் தேய்க்கற பிரஷ் பக்கத்துல வைங்களேன், மறக்காது'ன்னேன். அதுல ஆரம்பிச்சது. அப்புறம் உப்பு, அப்புறம் நடை, அப்புறம் மருமக சண்டை. அஞ்சு நிமிஷத்துல ஒரு ஊரையே சுத்தி வந்துடலாம்."

"நீ ஒருத்தி பேசினதாலயா ரெண்டு கோடும் ஒண்ணாச்சு?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. "பஸ் ஸ்டாப்புல ஒல்லிகிட்ட மெதுவா சொன்னேன். 'ஐயோ, நீயுமா?'ங்கறா. அவ பக்கத்துல நின்னவளும் 'நீங்களுமா?'ங்கறா. ஒவ்வொருத்தியும் தான் மட்டும்தான் திருட்டுத்தனமா பேசறோம்னு நினைச்சுக்கிட்டிருந்திருக்கோம்."

ஒல்லி அவளோடு வேலை பார்ப்பவள்; பலமாகக் காற்றடித்தால் அக்காவின் கையைப் பிடித்துக்கொள்வாளாம். அவளும் மற்றவர்களும் பஸ் வருவதற்குள் முடிவெடுத்துவிட்டார்கள்: யாரும் மூச்சுவிடக்கூடாது. திட்டம் மூடினாலும் நல்ல சான்றிதழோடு வெளியே வந்து ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள்ளலாம். சொல்லித் தொலைத்தால் விதியை மீறியவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும்.

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. "எதுக்குக்கா நீயா போய்த் தலையைக் குடுக்கறே? நாளைக்கு வேற வேலைக்குப் போனா அங்க கேப்பாங்க. எழுத்துல ஏதாவது வாங்கிட்டா? போலீஸ் அது இதுன்னு..."

"அங்க உக்காந்துக்கிட்டு பயப்படறது பத்தலைன்னு பிளைட் ஏறி வந்து பயப்படறியா?" என்றாள். பிறகு கையைத் துடைத்தாள். "பேசினதாலதான்டா அந்தக் கோடு இறங்கியிருக்கு. ரெண்டுமே. அது தெரியாம வீண்னு எழுதிட்டாங்கன்னா வேற எந்த ஊர்லயும் இதை ஆரம்பிக்கவே மாட்டாங்க. மாத்திரை வெயில்லயே காயும். என் பேரு போனா போகுது, மத்தவங்க பேரை நான் எடுக்கப் போறதில்லை."

காலையில் டாக்டர் மேடத்துக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தாள். ஸ்விட்ச் ஆஃப். மாமா சட்டைப் பித்தானை மாற்றி மாட்டி, அவிழ்த்து, மறுபடி மாற்றி மாட்டினார்.

"மெசேஜ் எழுதேன்" என்றேன்.

"எழுதினா மூணு வரியில கொலைக் குத்தம் மாதிரி இருக்கும். பேசிடறேன்."

குரலைப் பதிவுசெய்து அனுப்ப உட்கார்ந்தாள். முதல் தடவை வானிலையில் ஆரம்பித்துவிட்டாள். அழித்தாள். அடுத்ததில் அழுகை வந்தது, அதையும் அழித்தாள். கடைசியில், "மேடம், நான் அளவு வீட்டுலயும் பேசியிருக்கேன். முதல்லேர்ந்து. அந்த ரெண்டு கோட்டையும் நம்பாதீங்க. துறையில சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். உடனே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முடிவு வரும்வரை வேலை வேலைதான். வீட்டில் இருந்தால் நான் மாமாவைவிட மோசமாகிவிடுவேன் என்று கூடவே போனேன்.

அன்றைய முதல் வீடு அளவு வீடு. மூன்றாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணின் கையில் சோப்பு நுரை, வாயெல்லாம் பல். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"வாங்கக்கா! யாரு, தம்பியா? அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரியே..."

அக்கா நாற்காலியைக் காட்டினாள். பாதத்தைத் தரையில் பதித்து, முதுகைச் சாய்த்து உட்காரவைத்தாள். எதிரில் தானும் உட்கார்ந்து, போனை மேசைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தாள். எங்கோ குழாய் சொட்டியது. அவள் உதடு இரண்டு முறை பிரிந்தது. இரண்டு முறையும் மூடிக்கொண்டாள்.

அந்தப் பெண்ணின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "என்னக்கா, ஏன் பேச மாட்டேங்கறீங்க? எனக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? சொல்லுங்கக்கா, போன தடவை ரொம்ப ஏறியிருந்ததா?"

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள், ஒன்றுமில்லை என்பது போல. பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் உறுமிக்கொண்டு காற்றை ஏற்றத் தொடங்கியது.

மேசைமேல் போன் அதிர்ந்தது. திரையில் டாக்டர் மேடம்.

"எடுங்கக்கா" என்றாள் அந்தப் பெண், திரையைப் பார்த்துவிட்டு.

அக்கா உதட்டில் விரலை வைத்தாள். பட்டை இறுகிக்கொண்டே போனது. போன் மேசைமேல் மெல்ல நகர்ந்து விளிம்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அளவு முடியும்வரை யாரும் பேசக்கூடாது. நான் வாசலில் நின்று, அளவு முடிவதற்குள் போன் நின்றுவிடக்கூடாது, இன்னும் ஒரு முறை அதிர வேண்டும், இன்னும் ஒன்று, என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.