அழித்தும் போகாத ஏழு படங்கள்

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்றைப் பதினான்கு வருடமாகப் பராமரிக்கிறேன். இருக்கும் கணினிகளில் ஏதாவது மூன்றில் ஒரு கோப்பின் மூன்று பிரதிகளை வைப்பது அதன் வேலை.

போன ஆடியில், தன் நூலகப் படங்களை அந்த மென்பொருளில் வைத்திருக்கும் ஒரு நூலகர் எங்கோ வெளிநாட்டிலிருந்து எழுதினார். ஒரு பெண் தன் குடும்பப் படங்கள் ஏழையும் எடுத்துவிடச் சொன்னாராம். அழித்தாயிற்று என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஏழும் திரும்பி வந்துவிட்டன. மறுபடி அழித்தால், இந்த முறை போய்விட்டது என்று அவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தார்.

என்னிடம் சோதனைக்கு மூன்று கணினி. இரண்டு தென்காசியில் என் வீட்டில், ஒன்று குற்றாலத்தில் தங்கை வீட்டில். தினம் இரண்டு கோப்பாக அழித்துப் பார்த்தேன். தங்கை வீட்டுக் கணினி மட்டும் பதில் சொல்லவில்லை. சாரல் காலத்தில் இணைப்பு போவது வழக்கம் என்று விட்டுவிட்டேன். பதின்மூன்றாம் நாள், அழித்ததில் நான்கு திரும்பி வந்திருந்தன. இரண்டு முறை எண்ணினேன். நான்குதான்.

நிரலை மூன்று நாள் படித்தும் பிடிபடவில்லை. கடைசியில் தங்கைக்கு போன் செய்தேன்.

"ஏட்டி, அந்தப் பெட்டிய அணைச்சியா?"

"நான் எதுக்கு அணைக்கேன்? மாடில சீசனுக்கு வந்தவங்க ஈரத்துணிக்கு இஸ்திரிப் பெட்டி போடணும்னாங்க. பிளக்கைப் பிடுங்கிக் குடுத்தேன். அது சும்மாதானண்ணே கிடக்கு."

"எத்தன நாளு?"

"உன்ன மாதிரி எண்ணிக்கிட்டா இருக்கேன்? பன்னெண்டு இருக்கும். அவங்க போனதும் மாட்டிட்டேன்லா."

அழித்த கோப்புக்கு 'அழிந்தது' என்று ஒரு குறிப்பு இருக்கும்; அதைப் பார்த்துத்தான் மற்ற கணினிகளும் அழிக்கும். பத்து நாள் கழித்து அந்தக் குறிப்பும் போய்விடும். பன்னிரண்டு நாள் உறங்கி எழுந்த கணினி, குறிப்பு போய்விட்ட முதல் இரண்டு நாள் கோப்புகள் நான்கையும் நல்லவை என்று நினைத்து மற்ற இரண்டுக்கும் கொடுத்துவிட்டது. பத்து என்பது நான் வைத்த எண். ஏன் பத்து என்று இப்போது நினைவில்லை.

இருபது ஆக்கலாம். இருபத்தொன்றாம் நாள் விழித்தால்? எல்லாக் கணினியும் ஒப்புக்கொள்ளும் வரை குறிப்பை வைக்கலாம். ஒன்று செத்தே போயிருந்தால் எதுவரை வைப்பது? நான்கு தாள் எழுதிக் கிழித்தேன்.

தவறு என்னுடையது, எல்லாக் கணினிகளையும் எண்ணிப் பாருங்கள் என்று நூலகருக்கு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. மொத்தம் பதினொரு கணினியாம், பத்துதான் பேசுகின்றனவாம். மற்றது எந்த அறையில் இருக்கிறதென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. அது அணைந்து கிடக்கிறதா, இல்லவே இல்லையா என்று எனக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணிடம் இன்னும் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன்.