திட்டுவதற்கு மட்டும் தமிழ்

ஆஸ்டின் டவுனிலிருந்து என் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். உள்ளே நுழைந்ததுமே என் ஆறு வயது மகளைப் பார்த்துக் கையை விரித்தாள். "வாடி என் தங்கமே! எம்மாம் பெருசாயிட்டே! கிட்ட வாடி, கடிச்சுத் தின்னுடுறேன்!"

மகள் ஓடிவந்து என் பின்னால் ஒளிந்துகொண்டாள். பெரியம்மா எதற்குத் திட்டுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. ஆனால் பிள்ளை மேல் தப்பே இல்லை. எங்கள் வீட்டில் கொஞ்சுவது, கதை சொல்வது எல்லாம் இங்கிலீஷ். கீழே செக்யூரிட்டியிடம் கன்னடம். எனக்குக் கோபம் தலைக்கேறினால் மட்டும், "ஏய் சனியனே, எருமை, ஒதை வாங்கப் போறே!" தாத்தா இந்தக் கன்னட ஊரின் கன்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்தபோது கூடவே கொண்டுவந்த தமிழில், என் மகளுக்கு வசவு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருந்தது.

"தமிழ்னாலே ஒதைன்னு நெனச்சுக்கினு இருக்குது கொயந்த. வெக்கமா இல்ல ஒனக்கு?" என்றாள் அக்கா.

அன்றைக்கே முடிவெடுத்தேன். இனிமேல் திட்டுவது இங்கிலீஷில், கொஞ்சுவது தமிழில். கணவர் சிரித்தார்.

"ஒரு வாரம் தாங்குவியா? பாக்கலாம்."

"பாக்கலாமா? பாத்துடலாம்!"

சொல்வது சுலபம். இங்கிலீஷில் திட்டினால் ஆபீஸ் மீட்டிங் மாதிரி இருந்தது, ஆத்திரமே அடங்கவில்லை. மகள் "ஓகே மம்மி" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவரில் கிறுக்கினாள். தமிழில் கொஞ்சுவதோ அதைவிடக் கூச்சம். "என் ராசாத்தி" என்று கூப்பிட்டால் மிரண்டு பார்த்தாள். நான் விடுவேனா? தலை வாரும்போது, சோறு ஊட்டும்போது, தூங்க வைக்கும்போது, கண்ணு, செல்லம், பட்டு என்று வாய் ஓயவில்லை. நாக்கு நுனிவரை வந்த சனியனை எத்தனையோ தரம் விழுங்கினேன். மெல்ல மிரட்சி போய், மடியில் வந்து சாய ஆரம்பித்தாள். பதில் மட்டும் இங்கிலீஷிலேயே வந்தது. ஒரே ஒரு வார்த்தை தமிழில் சொல்ல மாட்டாளா என்று ஏங்கிப்போனேன்.

மாதங்கள் ஓடின. ஒரு சாயங்காலம், கம்பெனி கேப் டோல் சாலையில் நகராமல் நின்றதில் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் என் லேப்டாப் மேல் பாலைக் கொட்டிவிட்டாள். பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி! மூச்சு விடாமல் இங்கிலீஷில் கத்தினேன்.

சுவரோரமாக நின்றாள். உதடு பிதுங்கியது. கண்ணீர் கொட்ட என் குர்தாவைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, தமிழ்ல பேசும்மா."