நீக்கியவர் பெயரையும் எழுதச் சொன்னவர்

கல்வராயன் மலையில் ஆட்களே இல்லை என்று மூன்று ஆண்டுகள் பொய் சொன்னோம். நாங்கள் என்றால், ஜீப், ஆட்டோ, மின்வேலை, செவிலியர் என்று கள்ளக்குறிச்சி மாவட்டத்து எண்களைத் திரட்டி இணையக் கையேடு நடத்தும் பன்னிரண்டு தன்னார்வலர்கள். அந்தப் பொய்யை ஊரறிய ஒப்புக்கொள்ள வைத்தவர் மெஹருன்னிசா அக்கா. போன வாரம் இறந்துவிட்டார்.

மூங்கில்துறைப்பட்டில் கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் என் பேருந்து நின்றிருந்தபோது, நைனார்பாளையம் விதைக்கடைக் குமரவேல் அண்ணன் அழைத்தார். "மெஹரு பூடுச்சிபா. மாரடைப்பு. கடையில நூல் எடுத்துக் குடுத்துக்கினு இருந்துச்சாம்." எங்கள் பன்னிரண்டு பேரில், கூட்டத்தில் அக்காவோடு வாரந்தோறும் சண்டை போட்டவர் அவர்.

அந்தச் சண்டை, கையேட்டைப் பார்க்கும் உங்களில் பலருக்குத் தெரியும். எங்களிடம் ஒரு விதி இருந்தது. பதிவு வந்தால் அந்த எண்ணுக்குப் பகலில் மூன்று முறை கூப்பிடுவோம். கிடைக்காவிட்டால் போலி என்று நீக்குவோம். யாருக்கும் சொல்ல மாட்டோம். அனுப்பியவர் கேட்டாலும் பதில் கிடையாது. மலையில் பல ஊர்களில் சிக்னல் இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். கீழே உட்கார்ந்து விதி எழுதுகிறவனுக்கு அது உறைக்காது. மலை எண்கள் எல்லாம் அப்படித்தான் போயின.

நீக்கியதையெல்லாம் காரணத்தோடு பொதுப் பக்கத்தில் போட வேண்டும், நீக்கியவர் பெயரும் இருக்க வேண்டும் என்றார் அக்கா. அவருடைய தையல் சாமான் கடை மாடியில் கூட்டம். குமரவேல் அண்ணன் கொதித்தார்.

"நம்ம மானத்த நாமளே கொடியில காயப்போடணுமா?"

"தொவச்சா காயப்போட்டுத்தான் ஆவணும். ஈரத்தோட மடிச்சி வச்சா நாறுங்க."

"திட்டுவானுங்க."

"திட்டட்டும். நாம இன்னா கலெக்டரா, பதில் சொன்னா கம்மியாயிடுவமா?"

முதல் வரியை அவரே எழுதினார்: "சடையன், ஜீப் ஓட்டுநர், வெள்ளிமலைப் பக்கம். மூன்று முறை அழைத்தேன். கிடைக்கவில்லை. நீக்கினேன். மெஹருன்னிசா." பிறகு எங்கள் பெயர்கள் வந்தன. என் பெயரில்தான் பட்டியல் மிக நீளம்.

நான்காம் நாள் மாலை நாங்கள் மறுபடி மாடியில் கூடியிருந்தபோது சடையனே அக்காவை அழைத்தார். "நான் போலி இல்லீங்க அக்கா. பகல்ல ஊர்ல டவர் கெடைக்காது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வண்டிய மேட்டுக்கு ஏத்துவேன், அப்ப கூப்புடுங்க."

"மூணு வருஷமா ஏன்பா சொல்லல?"

"எங்கங்க சொல்றது? ஏன் தூக்குனீங்கன்னே இப்பத்தான எழுதியிருக்கீங்க."

அக்கா ஸ்பீக்கரைப் போட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

அந்த விதி அன்றே செத்தது. ஒவ்வொரு எண்ணோடும் ஆள் எப்போது கிடைப்பார் என்று எழுதத் தொடங்கினோம். மழைக்காலம் முடிவதற்குள் மலை கையேட்டுக்குள் வந்துவிட்டது. போன மாதம் மேலே ஒரு பெண்ணுக்கு வலி எடுத்தது. சென்னையிலிருந்த அவள் அண்ணன் கையேட்டைப் பார்த்து, மாலை ஐந்தரைக்குச் சடையனை அழைத்தான். ஜீப் போனது. குழந்தை மருத்துவமனையில் பிறந்தது. அன்று குமரவேல் அண்ணன் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "காயப்போட்டது நல்லதாப் போச்சு." அக்கா அதைப் படித்துவிட்டுக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். எதை நீக்கினாலும் காரணத்தின் கீழே என் பெயரை எழுதுகிறேன். கை கூசும்போதும் எழுதுகிறேன்.

ஜெயித்துவிட்டோம். ஆனால் முடிவெடுக்கும் இந்தப் பன்னிரண்டு பேரில் மலைக்காரர் ஒருவர்கூட இருந்ததில்லை. அக்காவின் இடத்தைச் சடையனுக்குக் கொடுங்கள் என்று, அடக்கம் முடிந்த மறுநாளே குழுவில் கேட்டேன். மறுப்பதானால் ஏன் என்று எழுதுங்கள் என்றும் கேட்டேன்.

பத்துப் பேரும் படித்துவிட்டார்கள். பதில் இல்லை.